வண்டலூரில் பிறந்த ஹெரால்டு

கீழப்பாவூரில் மறுபடி ஓடத் தொடங்கியிருக்கும் ஒரு குடும்பக் காரும், அதைச் செய்த சென்னை ஸ்தாபனத்தின் நாற்பதாண்டுச் சரித்திரமும்

சென்ற நூற்றாண்டின் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் நம் நாட்டுக் குடும்பஸ்தர் ஒருவர் புதுக் கார் வாங்க ஆசைப்பட்டால், அவர் ஆராய்ந்து தேர்ந்தெடுப்பதற்கு இருந்தவை மூன்றே வண்டிகள்தாம். கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் பிர்லாக்களின் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த அம்பாசடர் ஒன்று. வால்சந்த் ஹிராசந்த் தொடங்கிய பிரீமியர் கம்பெனி பம்பாய்க் குர்லாவில் செய்த ஃபியட் மற்றொன்று. சென்னைக்குத் தெற்கே வண்டலூரில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு மூன்றாவது. முதல் வண்டி மந்திரிகளையும் கலெக்டர்களையும் சுமந்து அரசாங்கத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது. இரண்டாவது பம்பாய் டாக்ஸியாகி, சினிமாவிலும் இடம் பிடித்தது. மூன்றாவதோ தென்னாட்டு டாக்டர்கள், வக்கீல்கள், பேராசிரியர்கள், மிராசுதார்கள் ஆகியோருடைய வீட்டு வாசல்களில் நின்று, ஆரவாரமில்லாமல் உழைத்து, ஆரவாரமில்லாமலே மறைந்தும் போயிற்று. தமிழ்நாட்டில் செய்யப்பட்ட காரைப் பற்றித் தமிழர்களே அதிகம் பேசாதிருப்பது சற்று விசித்திரமான காரியம்தான்.

தென்காசிக்குக் கிழக்கே, பாவூர்சத்திரத்தை ஒட்டியிருக்கும் கீழப்பாவூர், பதினாறு திருக்கரங்களுடைய நரசிம்மர் சந்நிதியாலும் தன்னுடைய குளத்தாலும் சுற்று வட்டாரத்தில் பெயர் பெற்ற பேரூர். ஆனி, ஆடி மாதங்களில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேற்குக் காற்று கிளம்பிவிட்டால், குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது என்பதைப் பத்திரிகை பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இவ்வூர் ஜனங்களுக்குக் கிடையாது. இங்கே விவசாயக் குடும்பம் ஒன்று, தங்கள் தொழுவத்தின் ஒரு மூலையில் நெடுங்காலமாகச் சாக்கு மூட்டைகளுக்குப் பின்னால் முடங்கிக் கிடந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு மூன்றாம் மார்க் வண்டியைப் பழுது பார்த்து ஓடச் செய்திருக்கிறது. தந்த நிறம், நான்கு கதவுகள், முன்புறம் சற்றே புருவம் நெரித்தாற்போன்ற விளக்குகள். பாவூர்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏற்றிச் செல்லும் வேன்காரர்கள்கூட வேகத்தைக் குறைத்து அதைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு, தயாரித்த ஸ்தாபனமே இல்லாத ஒரு வண்டியை ஒரு பேரூரில் வைத்து உயிர்ப்பிக்க முடிந்தது எப்படி என்ற கேள்விக்கு விடை, அந்த வண்டி உருவாக்கப்பட்ட விதத்திலேயே இருக்கிறது.

கோவென்ட்ரியும் சென்னையும்

இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகரத்தில் 1903-ஆம் ஆண்டு ரெஜினால்டு மாட்ஸ்லே என்பவர் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி, 1945-இல் டிரையம்ஃப் கம்பெனியை விலைக்கு வாங்கித் தன்னோடு சேர்த்துக்கொண்டது. யுத்தம் முடிந்து, இந்தியாவும் சுதந்திரம் அடைந்த பிறகு, அந்நியச் செலாவணியைக் காக்க வேண்டிய நிர்ப்பந்தத்தால், முழு வண்டியாகக் கார்களை இறக்குமதி செய்வதை நம் அரசாங்கம் தடுத்தது. பகுதி பகுதியாகப் பெட்டிகளில் கப்பலேறி வரும் உறுப்புகளை இங்கே பூட்டி விற்பதே அப்போது கம்பெனிகளுக்கு எஞ்சிய மார்க்கம். அந்தச் சூழ்நிலையில் 1948-ஆம் வருஷம் சென்னையில் இரண்டு முயற்சிகள் முளைத்தன. ரகுநந்தன் சரண் என்பவர் ஆஸ்டின் ஏ-40 கார்களைப் பூட்டுவதற்காக அசோக் மோட்டார்ஸ் ஸ்தாபனத்தைத் தொடங்கி, எண்ணூரில் தொழிற்சாலை அமைத்தார். யூனியன் கம்பெனி மோட்டார்ஸ் என்ற ஸ்தாபனம், கோவென்ட்ரிக் கம்பெனியுடன் கூட்டுச் சேர்ந்து, ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா லிமிடெட்டை நிறுவியது. இவற்றைத் தவிர, மௌண்ட் ரோட்டு அடிசன் கம்பெனி மாரிஸ் வண்டிகளைப் பூட்டி வந்தது.

1953-இல் வந்த சுங்கவரிக் கமிஷனின் அறிக்கை இந்தத் துறையின் போக்கை மாற்றிவிட்டது. பெட்டியைப் பிரித்துப் பூட்டுவதோடு நிற்காமல், உறுப்புகளையும் கிரமமாக உள்நாட்டிலேயே செய்யத் திட்டம் வைத்திருக்கும் ஸ்தாபனங்களுக்கு மட்டுமே இனி இடம் என்று அரசாங்கம் தீர்மானித்தது. பம்பாயில் 1928 முதல் கார்களைப் பூட்டி வந்த ஜெனரல் மோட்டார்ஸும், அதைப் போன்றே தொழில் நடத்திய ஃபோர்டும் இந்த நிபந்தனைக்கு இணங்காமல் மூட்டை கட்டிக்கொண்டு வெளியேறின. அசோக் மோட்டார்ஸ் லேலண்டுக் கம்பெனியுடன் உறவு கொண்டு, 1955-இல் அசோக் லேலண்டு என்று பெயர் மாற்றிக்கொண்டு, லாரிகளிலும் பஸ்களிலும் கவனம் செலுத்தியது. தென்னிந்தியாவில் காரையே முக்கியத் தொழிலாகக் கொண்டு நிலைத்து நின்றது வண்டலூர் ஸ்டாண்டர்டு ஒன்றுதான்.

வண்டலூரில் முதலில் பூட்டப்பட்டது வேன்கார்டு என்ற 2,088 சி.சி. பெரிய வண்டி. அதைத் தொடர்ந்து ஐம்பதுகளின் நடுவில் ஸ்டாண்டர்டு எய்ட், டென் என்ற சிறு வண்டிகள் வந்தன. எய்ட்டின் 803 சி.சி. யந்திரம் டென்னில் 948 சி.சி. ஆக வளர்ந்தது, அந்த 948 சி.சி. யந்திரமே பின்னாளில் ஹெரால்டின் இருதயமாயிற்று. உறுப்புகளை உள்நாட்டிலேயே செய்ய வேண்டும் என்ற சட்டம் தொழிற்சாலைகளுக்குச் சிரமம் கொடுத்தது உண்மையே. ஆனால் சென்னையின் சுற்றுப்புறத்துக்கு அது பெரும் நன்மையாக முடிந்தது. செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ், பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா என்று ஒன்றன்பின் ஒன்றாக எழுந்த ஆலைகளுக்குப் பிஸ்டனும், டைனமோவும், பிரேக்கும், சக்கரமும் செய்து கொடுக்க வேண்டிய தேவை இத்தகைய வாகன ஸ்தாபனங்களிலிருந்துதான் பிறந்தது. அந்த ஆலைகளில் கடைசல் பிடிக்கப் பழகிய கைகள் பலவும் பிற்காலத்தில் சொந்த ஊர் திரும்பி லேத் பட்டறை வைத்தன.

தடையிலிருந்து பிறந்த அமைப்பு

இனி ஹெரால்டின் பிறப்பைப் பார்ப்போம். ஐம்பதுகளில் இங்கிலாந்தின் பெரிய கார்க் கம்பெனிகள், அடிச்சட்டம் என்று தனியே ஒன்று இல்லாமல், மேற்கூட்டையே ஒரே முழுத் தகட்டு உடலாக உருவாக்கும் முறைக்கு மாறிக்கொண்டிருந்தன. ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு அந்த உடல்களை அழுத்திக் கொடுத்து வந்த ஃபிஷர் அண்டு லட்லோ என்ற ஆலையை, 1953-இல் போட்டிக் கம்பெனியான பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் வாங்கிவிட்டது. புதிய காருக்கு உடல் செய்து தர ஆலை கிடைக்காத அந்த இக்கட்டில், கோவென்ட்ரி யந்திர நிபுணர்கள் ஓர் உபாயம் செய்தார்கள். உறுதியான அடிச்சட்டம் ஒன்றைத் தனியே அமைத்து, அதன் மேல் சிறு சிறு பகுதிகளாக வெவ்வேறு பட்டறைகளில் செய்த உடலைப் போல்ட்டு போட்டு முடுக்கிவிட்டார்கள். வண்டிக்கு அழகான வடிவம் தந்தவர் இத்தாலியில் டூரின் நகரத்து ஜியோவன்னி மைக்கெலோட்டி. 1959 ஏப்ரல் மாதம் டிரையம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் அது வெளியாயிற்று.

நவீன முறைக்குப் பின்தங்கியதாகச் சிலர் ஏளனம் செய்த அந்த அமைப்பே ஹெரால்டின் விசேஷ குணமாகவும் முடிந்தது. மட்கார்டு இரண்டும் விளக்குகளும் சேர்ந்த முன்பக்கம் முழுவதும் ஒரே மூடியாக முன்னோக்கித் திறந்துகொள்ளும். திறந்துவிட்டால் யந்திரம், ஸ்டியரிங், சஸ்பென்ஷன் எல்லாம் கண்ணெதிரே வந்துவிடும். மெக்கானிக் முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். கூரையையும் போல்ட்டு நீக்கிப் பிரித்துவிடலாம். வண்டி முழுவதையும் 25 அடி வட்டத்துக்குள் திருப்பிவிட முடியும். பெரிய அழுத்து யந்திரங்கள் இல்லாத தேசங்களிலும் இத்தகைய வண்டியைப் பூட்டலாம் அல்லவா? ஆகவே ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா முதலிய நாடுகளைப் போலவே 1961-இல் வண்டலூருக்கும் ஹெரால்டு வந்து சேர்ந்தது. இங்கே டிரையம்ஃப் என்ற பெயரை விட்டு, ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரோடு விற்பனைக்கு இறங்கியது. கோவென்ட்ரியில் 1963-இல் ஸ்டாண்டர்டு என்ற பெயரே கைவிடப்பட்டது. வண்டலூரிலோ அது 1988 வரையில் ஜீவித்திருந்தது.

இங்கிலாந்தில் ஹெரால்டின் யந்திரம் 1,147 சி.சி. என்றும், பிறகு 1,296 சி.சி. என்றும் பெரிதாகிக்கொண்டே போக, இந்திய ஹெரால்டு கடைசி வரையில் 948 சி.சி.யோடு திருப்தி அடைந்தது. அதற்குப் பதிலாக, கோவென்ட்ரி ஒருபோதும் செய்யாத ஒரு காரியத்தை வண்டலூர் செய்தது. இங்கிலாந்தில் இரண்டு கதவுகளே உடையதாக இருந்த வண்டிக்கு, 1968-இல் வந்த மூன்றாம் மார்க்கில் நான்கு கதவுகள் வைத்தார்கள். முன் ஆசனத்தைச் சாய்த்து, புடவை கசங்கப் பின்னால் நுழைய வேண்டியிருந்த பாட்டிமார்களின் பிரார்த்தனைதான் பலித்தது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். பிறர் வரைந்த படத்தை வாங்கிப் பூட்டுவதோடு நில்லாமல், நம் குடும்பத்தின் தேவைக்கு ஏற்ப அதைத் திருத்தும் தைரியமும் திறமையும் நம்மவர்களுக்கு வந்துவிட்டதற்கு அந்தப் பின்கதவுகளே அத்தாட்சி.

சீசன் காலத்துப் பிரயாணம்

நீளம் பதின்மூன்று அடிக்குச் சற்றுக் குறைவு, அகலம் ஐந்து அடி, எடை ஏறக்குறைய 800 கிலோ: இவ்வளவு சிறிய வண்டியில் எத்தனை பேர் ஏறினார்கள் என்பதைக் கோவென்ட்ரி நிபுணர்கள் அறிந்திருந்தால் திகைத்துப் போயிருப்பார்கள். குற்றாலச் சீசனில் அருவிக் குளியலுக்கு, ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவிலுக்கு, வேண்டுதல் நிறைவேற்றத் திருச்செந்தூருக்கு என்று தென்காசி வட்டாரத்துக் குடும்பங்கள் புறப்படும்போது, மடியில் குழந்தைகளும் காலடியில் பலகாரத் தூக்குகளுமாக எட்டுப் பேர் அமர்வது சர்வ சாதாரணம். ஹெரால்டின் பின் அச்சு இரண்டு பாதிகளாகப் பிரிந்து ஊஞ்சலாடும் வகை. அவற்றைத் தாங்கியிருந்தது குறுக்காக வைத்த ஒரே பட்டை வில். அதிகப் பாரம் ஏறி இறங்கி அந்த வில் தளர்ந்துவிட்டால், பின்சக்கரங்களின் நிலை மாறி, வண்டி கால் அகட்டி நடப்பதாகத் தோன்றும். செங்கோட்டைக்கு அப்பால் மலைப்பாதை வளைவுகளில் வேகமாகத் திரும்பினால் பின்பக்கம் நழுவவும் செய்யும். இந்தக் குறை பற்றி மெக்கானிக்குகளுக்கு இருந்த மனத்தாங்கல் நியாயமானதே. எனவே 1972-இல் வந்த கெஸல் என்ற வண்டியில், ஊஞ்சல் அச்சை நீக்கி, ஒரே துண்டான உறுதியான அச்சைப் பொருத்தினார்கள்.

அஸ்தமனம்

எனினும் காலம் அனுகூலமாக இல்லை. 1969-இல் மத்திய அரசே கார்களுக்கு விலை நிர்ணயித்தபோது, மூன்று கார்க் கம்பெனிகளும் உச்ச நீதிமன்றம் வரையில் சென்று வழக்காட நேர்ந்தது. 1973-இல் மேற்கு ஆசிய யுத்தத்தை ஒட்டி எண்ணெய் விலை பன்மடங்கு உயர்ந்து, காரே ஒரு ஆடம்பரப் பொருளாகிவிட்டது. 1977-இல் கெஸலின் உற்பத்தி நின்றது. அதன் பிறகு சில ஆண்டுகள் ஸ்டாண்டர்டு 20 என்ற வேன்களைச் செய்து வந்தது வண்டலூர். இதற்கிடையில் 1983 டிசம்பரில் 796 சி.சி. மாருதி வெளிவந்து, சிறிய காரைப் பற்றிய இந்தியர்களின் அபிப்பிராயத்தையே மாற்றிவிட்டது.

சிறிய காரில் இருபது வருஷத்துக்கு மேல் அனுபவம் பெற்றிருந்த ஸ்தாபனம், அந்தச் சந்தர்ப்பத்தில் சிறிய காருக்குத் திரும்பாமல், 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய காரைக் கொண்டு வந்தது. இங்கிலாந்தில் ரோவர் என்ற பெயரில் 3,500 சி.சி. யந்திரத்தோடு கம்பீரமாக ஓடிய அந்த அழகிய உடலுக்குள், வேன்கார்டு வம்சத்தைச் சேர்ந்த 1,991 சி.சி. பழைய யந்திரத்தை வைத்தார்கள். விலையோ அதிகம், பெட்ரோல் செலவோ அதைவிட அதிகம், வாங்குவோர் வரவில்லை. 1988-இல் தொழிற்சாலை மூடப்பட்டது. அந்த ஸ்தாபனத்தின் நிர்வாகத்தில் இருந்த சி. வி. கார்த்திக் நாராயணன் பிற்காலத்தில் கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார் என்பதை இலக்கிய ரசிகர்கள் அறிவார்கள். ஹெரால்டு ஓடிய அதே ஜி.எஸ்.டி. சாலையில், வண்டலூருக்குத் தெற்கே மறைமலைநகரில், தொண்ணூறுகளில் ஃபோர்டு திரும்பி வந்து தொழிற்சாலை எழுப்பியது. சென்னை மோட்டார் நகரம் ஆயிற்று என்று அப்போது எழுதியவர்கள், அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே அந்தச் சாலையோரத்தில் கார் பிறந்துகொண்டிருந்தது என்பதை நினைவுகூர்ந்ததாகத் தெரியவில்லை.

பட்டறையில் நடந்தது

கீழப்பாவூர் வண்டிக்கு மீண்டும் வருவோம். மேற்குக் காற்றின் ஈரம் இரும்புக்கு நல்லதன்று. சாரல் மாதங்களின் ஈரத்தில் ஊறிய அடித்தகடுகள் பொடிந்து, அடிச்சட்டத்திலிருந்து பக்கவாட்டில் நீளும் தாங்கிகள் தாள் கனத்துக்குத் தேய்ந்திருந்தன. ஒரே தகட்டு உடலாக இருந்திருந்தால் வண்டியை இரும்புக் கடைக்குத்தான் எடை போட்டிருக்க வேண்டும். ஹெரால்டாக இருந்ததனால், பழைய தேக்குக் கட்டிலைப் பிரித்து மறு வீட்டில் பூட்டுவதுபோல, முன்மூடியை எடுத்து, கதவுகளை எடுத்து, கூரையை எடுத்து, உடலை அடிச்சட்டத்திலிருந்து தூக்கித் தனியே வைத்துவிட்டார்கள். துருப்பிடித்த போல்ட்டுகளில் மண்ணெண்ணெயும் எண்ணெயும் விட்டு ஊறப்போட்டு, அப்படியும் அசையாதவற்றைக் கேஸ் வெல்டிங் நெருப்பில் சுட்டுக் கழற்றினார்கள். அரித்துப்போன பகுதியை வெட்டி, புதுத் தகட்டைச் சுத்தியால் தட்டி வளைத்துப் பற்றவைத்தார் டிங்கர்.

“அண்ணாச்சி, புதுக் காரு எதத் தொட்டாலும் லேப்டாப்ப மாட்டுன்னுதான் சொல்லுவான். இதுக்கு ஒரு ஸ்பானர் செட்டு இருந்தாப் போதும், முழுசாக் கழத்திப் பாத்துரலாம்” என்று மெக்கானிக் வண்டிச் சொந்தக்காரரிடம் சொன்ன வார்த்தையில், ஹெரால்டின் தத்துவம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

யந்திர வேலையும் சாமானியமானதன்று. தேய்ந்த சிலிண்டர்களைப் போரிங் செய்து, அளவு கூடிய பிஸ்டன்கள் போட்டு, கிராங்க் ஷாஃப்டைத் திருநெல்வேலி லேத்தில் கிரைண்டிங் செய்து வாங்கினார்கள். ஈயம் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டோடு நிறுத்தப்பட்டது; அந்த ஈயப் பூச்சை நம்பியே வடிவமைக்கப்பட்ட பழைய வால்வு இருக்கைகள் ஈயமில்லாப் பெட்ரோலில் விரைவாகத் தேயும். ஆதலால் சிலிண்டர் ஹெட்டில் கடினமான இரும்பு வளையங்களைப் பதிக்க வேண்டியதாயிற்று. இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருப்பதால், அக்காலத்து ரப்பர் குழாய்களும் வாஷர்களும் இளகிக் கசியும். எரிபொருள் செல்லும் வழி முழுவதும் எத்தனால் தாங்கும் ரப்பராக மாற்ற வேண்டும். கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவி, பாயிண்ட்டும் காண்டன்சரும் புதிதாகப் போட்டு, பிரேக் சிலிண்டர்களுக்குக் கிட் மாற்றினார்கள். கிடைக்காத சாமான்களுக்குச் சென்னைப் புதுப்பேட்டையில் அலைந்தார்கள். அங்கும் கிடைக்காத கதவு ரப்பரையும் புஷ்களையும் மாதிரி காட்டி வார்த்து வாங்கினார்கள். இங்கிலாந்தில் ஹெரால்டு அபிமானிகள் ஏராளமாக இருப்பதால் சில உறுப்புகள் அங்கே இன்றும் புதிதாகவே கிடைக்கின்றன. ஆனால் வண்டலூரின் பிரத்தியேகப் படைப்பாகிய பின்கதவுக்கு உலகத்தில் வேறெங்கும் உறுப்பு இல்லை. அதன் தாழ்ப்பாளை உள்ளூர்க் கடைசல்காரர்தான் செய்து கொடுத்தார்.

சட்டமும் சந்ததியும்

இவ்வாறு மீட்ட வண்டிக்குச் சட்டத்தில் ஓர் இடமும் உண்டு. 2021 ஜூலையில் மத்திய அரசு திருத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, ஐம்பது ஆண்டு நிறைந்த, ஆதி அமைப்பில் பெருமாறுதல் செய்யப்படாத சொந்த வண்டிகளை, ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் சேர்ந்த தனி எண்ணோடு, பழம்பெரும் வாகனமாகப் பதியலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, ஊர்வலம், ஆராய்ச்சி, பெட்ரோல் நிரப்புதல், பழுது பார்த்தல் ஆகியவற்றுக்கே சாலையில் எடுத்துச் செல்லலாம். அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படுத்தலாகாது. இந்த வரையறை பெருநகரத்துச் செல்வந்தர்களின் கண்காட்சி வண்டிகளுக்குப் பொருந்தும். வெள்ளிக்கிழமை தோறும் கோயிலுக்கும், சீசனில் ஐந்தருவிக்கும் போக விரும்பும் கிராமத்துக் குடும்பத்துக்கு அது ஒவ்வாது. ஆகவே கீழப்பாவூர்க் குடும்பத்தார் அந்த வழியை நாடாமல், பழைய பதிவையே தகுதிச் சான்றோடு புதுப்பித்துக்கொண்டார்கள். வீட்டு வண்டி ஓடினால்தான் வண்டி என்ற அவர்கள் எண்ணத்தைப் பிழை என்று சொல்ல இயலாது.

கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடுவின் பெயரோடு இயங்கும் கார்க் காட்சிசாலையைப் போன்றவை நம் மோட்டார் சரித்திரத்தைப் பாதுகாக்கும் நற்பணியைச் செய்கின்றன. ஆயினும் காட்சிசாலை காப்பது வண்டியை. வண்டியைப் பிரித்துப் பூட்டும் அறிவைக் காப்பதற்கு நம்மிடம் ஏற்பாடு ஒன்றும் இல்லை. ஹெரால்டை மீட்ட டிங்கர், கடைசல்காரர், மெக்கானிக் மூவருமே முதியவர்கள். அவர்கள் தொழில் கற்றது காது கொண்டும் கைகொண்டுமே தவிரப் புத்தகத்தால் அன்று. தொழிற்பயிற்சி நிலையங்களின் மாணவர்களைச் சில மாதங்களேனும் இத்தகைய பட்டறைகளுக்கு அனுப்பி, கார்புரேட்டரையும் தகட்டு வேலையையும் பழகச் செய்வதற்குப் பெரிய மூலதனம் தேவையில்லை. பழுது பார்க்கத் தெரிந்த கை எந்தக் காலத்து வண்டிக்கும் உதவும். மின்சாரக் காருக்கும் பிரேக்கும் சஸ்பென்ஷனும் தகட்டு உடலும் உண்டு. ஸ்டாண்டர்டு கம்பெனி வண்டலூரில் விட்டுச் சென்ற நிலமும் கட்டடமும் கைமாறிப் போய்விட்டன. அது தமிழ்நாடெங்கும் பரப்பிவிட்டுச் சென்ற பட்டறைத் திறமைதான் இன்னும் நம் வசத்தில் இருக்கிறது. அதையும் இழந்துவிட்டால், இனி ஒரு ஹெரால்டைத் தொழுவத்திலிருந்து வெளியே இழுப்பதற்கு ஆள் கிடைப்பார்கள், ஓடவைப்பதற்குக் கிடைக்கமாட்டார்கள்.